'நீ மைனர்தானே, உனக்கு ஒண்ணும் ஆகாது!' - அந்த அண்ணன் சொல்லாமல் விடும் சட்டப் பிரிவுகள்

"தம்பி, இந்தப் பையைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிக்கிற அண்ணன்கிட்ட குடுத்துட்டு வந்துடு. 500 ரூபா தர்றேன். அட, ஏன் பயப்படுற? நீ மைனர்தானே... போலீஸ் பிடிச்சாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது!"

கஞ்சா, மாத்திரை, பவுடர் என்று சரக்கு எதுவாக இருந்தாலும், பள்ளி மாணவனை வளைக்க நினைப்பவர்கள் வைத்திருக்கும் வசனம் கிட்டத்தட்ட இதுதான். இதில் கடைசி வரிதான் வேலை செய்கிறது. ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை அவர் சொல்வதில்லை. இன்னொன்றையும் அவர் சொல்வதில்லை. சில சமயம் அது அவருக்கே தெரிந்திருக்காது. 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரை இந்த வேலைக்கு இழுத்த அந்த நிமிடமே, சொந்தக் கணக்கில் தனியாக ஒரு குற்றத்தை அவர் சேர்த்துக்கொள்கிறார்.

'நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது ஏதோ கேங்க்ஸ்டர் மேட்டர்' என்று ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடாதீர்கள். அந்த 'அண்ணன்' 40 வயது தாதாவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. போன மாதம் 18 முடிந்த காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பையனாகவும் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் ரெண்டு பேருமே மேஜர்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் இளைஞர் நீதிச் சட்டம், 2015. குழந்தைகளைப் பாதுகாக்கும் இந்தச் சட்டத்தில் 18 வயது நிறைவடையாத எல்லோரும் குழந்தைதான். ஆறடி உயரம், அரும்பு மீசை எல்லாம் கணக்கில் வராது.

பிரிவு 78 சொல்வது இதுதான்: மது, போதைப்பொருள், மனமயக்கப் பொருள் ஆகியவற்றை விற்கவோ, கொண்டு செல்லவோ, சப்ளை செய்யவோ, கடத்தவோ ஒரு குழந்தையைப் பயன்படுத்தினால் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்கு முந்தைய பிரிவு 77, கொடுப்பவரைப் பற்றியது. டாக்டர் எழுதிக்கொடுக்காமல் ஒரு குழந்தைக்கு மது, போதைப்பொருள், புகையிலை என எதைக் கொடுத்தாலும், கொடுக்க வைத்தாலும் அதே 7 ஆண்டுகள், அதே 1 லட்சம். பிரிவு 83-ன் இரண்டாம் பகுதி, சட்டவிரோதக் காரியங்களுக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கானது. தனி ஆளாகச் செய்தாலும் கும்பலாகச் செய்தாலும் 7 ஆண்டுகள் வரை சிறை. அபராதம் மட்டும் 5 லட்சம் ரூபாய்.

அடுத்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா. இதன் 95-வது பிரிவுக்குச் சமமாகப் பழைய ஐ.பி.சி-யில் ஒரு பிரிவே கிடையாது. ஒரு குற்றத்தைச் செய்வதற்காக ஒரு குழந்தையைக் கூலிக்கு அமர்த்தினால், வேலைக்கு வைத்தால், ஈடுபடுத்தினால் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 10 ஆண்டுகள் சிறை, கூடவே அபராதம். அந்தக் குற்றம் நடந்தும்விட்டால், அதை அவரே தன் கையால் செய்ததுபோல் எடுத்துக்கொண்டு அதற்கான தண்டனையும் சேரும்.

'அவரே செய்ததுபோல்' என்பதுதான் இங்கே முக்கியம். சரக்கைத் தொடவே இல்லை, ஸ்பாட்டில் இல்லை, வீட்டில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் இதன் முன்னால் எடுபடாது. இந்தப் பிரிவு எந்தப் போதைப் பட்டியலையும் சார்ந்து நிற்பதில்லை. என்.டி.பி.எஸ் பட்டியலில் இல்லாத ஒரு வலி நிவாரணி மாத்திரையை லைசென்ஸ் இல்லாமல் விற்பதும் மருந்துகள் சட்டப்படி குற்றம்தான். அந்த விற்பனைக்கு ஒரு ப்ளஸ் டூ பையனை அனுப்பினாலும் 95 வந்து நிற்கும்.

மூன்றாவது, எல்லோரும் பேர் கேள்விப்பட்டிருக்கும் என்.டி.பி.எஸ் சட்டம், 1985. இதில் தண்டனையை முடிவு செய்வது எடை. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை 'சிறிய அளவு'. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. சிறிய அளவுக்கு 1 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள். தூண்டியவருக்கும், கூட்டுச் சதியில் இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது பிரிவு 29. பிரிவு 32பி இன்னொரு திருகு. குறைந்தபட்சத்தை விட அதிகத் தண்டனை கொடுக்கலாமா என்று நீதிபதி யோசிக்கும்போது எதையெல்லாம் பார்க்கலாம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. மைனர்களைப் பயன்படுத்தியது, மைனர்கள் பாதிக்கப்பட்டது, பள்ளி, கல்லூரி வளாகத்திலோ அதை ஒட்டியோ நடந்தது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. 19 வயது மாணவர் ஒருவர், தன் தெருவில் இருக்கும் 16 வயதுப் பையனிடம் 2 கிலோ கஞ்சாவைக் கொடுத்து அனுப்புகிறார். பையன் சிக்குகிறான். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் 10 ஆண்டுகள் வரை போகக்கூடிய வழக்கு. அந்தப் பையனைச் சேர்த்ததால் 95-ன் கீழ் 3 முதல் 10 ஆண்டுகள், 78-ன் கீழ் 7 ஆண்டுகள் வரை என்று தனித்தனிக் குற்றச்சாட்டுகள் ஏறிக்கொள்ளும். 'பையன்தானே, பிடிச்சாலும் பிரச்னை இல்ல' என்று போட்ட கணக்கு இப்படித்தான் திரும்பி வரும். தமிழ்நாட்டில் போதைப்பொருள் குற்றவாளிகள் மீது குண்டர் சட்டமும் பாயலாம் என்பது தனி.

க்ளாஸ்மேட் கணக்கு

ப்ளஸ் டூ வகுப்பில் பாதிப் பேருக்கு 17, மீதிப் பேருக்கு 18 என்பது சகஜம். ஒரே பெஞ்ச். ஜனவரியில் பிறந்தவர் மேஜர், ஜூனில் பிறந்தவர் குழந்தை. பிரிவு 77, 78 எதிலும் 'இத்தனை வயது வித்தியாசம் இருந்தால்தான்' என்ற சலுகை கிடையாது. 'தெரிந்தே' என்ற வார்த்தையும் அந்தப் பிரிவுகளில் இல்லை. அதனால் 'அவனுக்கு 18 ஆயிடுச்சுன்னு நினைச்சேன்' என்ற வாதத்தைப் பெரிதாக நம்பி இறங்க முடியாது.

மொட்டை மாடி பர்த்டே பார்ட்டியில் 'ஒரே ஒரு இழுப்பு மச்சி' என்று நீட்டுவது 'கொடுப்பது'தான். பணம் கைமாற வேண்டும் என்று 77 எங்கேயும் சொல்லவில்லை. ஜூனியரின் ஸ்கூல் பேக்கில் 'சாயங்காலம் வரைக்கும் வெச்சிரு' என்று பொட்டலத்தைத் திணிப்பது, ஹாஸ்டல் கேட் வரை எடுத்துவரச் சொல்வது போன்றவை எல்லாம் 'ஒரு ஹெல்ப்' என்ற பெயரில் நடப்பவை. பைக் கொடுத்து அனுப்புபவர்களுக்கும் ஒரு தகவல்: தன் வண்டி இதற்குப் பயன்படுவது தெரிந்தே விட்டால், என்.டி.பி.எஸ் பிரிவு 25-ன்படி அந்தக் குற்றத்துக்கான தண்டனை உரிமையாளருக்கும் உண்டு.

கொடுத்தவரும் 18-க்குக் கீழ் என்றால்? அவரும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால்தான் நிற்பார். அங்கே என்ன நடக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மாமாவின் குவார்ட்டரும் கடைக்கார அண்ணாச்சியும்

78-ல் முதல் வார்த்தையே மதுதான் என்பதைக் கவனித்தீர்களா? 'டேய், டாஸ்மாக் வரைக்கும் போய் ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வந்துடு' என்று மாமா சொல்வதும், கடை மூடிய பிறகு பிளாக்கில் விற்பவர் பாட்டிலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சிறுவனை வைத்துக்கொள்வதும் ஒரே அளவிலான பாவம் இல்லை. ஆனால் 'கொண்டு செல்ல' என்ற சொல் ரெண்டையும் தொடுகிறது. தமிழ்நாட்டில் மது விற்கும் வயதே 21 என்பதால், அந்தப் பையனுக்கு விற்ற இடத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. கல்யாண வீட்டில், திருவிழாவில் இது யாருக்கும் குற்றமாகவே தெரிவதில்லை. நம் ஊரில் சின்னப் பசங்களை 'எடுபிடி' என்று வைத்துப் பழகிய பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகாது.

சிகரெட், குட்கா கதை இன்னும் விசித்திரம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்றால், 2003-ம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரை. அதே செயலுக்கு இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 77-ன்படி 7 ஆண்டுகள் வரை. ஒரு பக்கம் ஒரு பிரியாணி விலை, இன்னொரு பக்கம் ஏழு வருட ஜெயில்! 2016-ம் ஆண்டு மத்திய அரசின் மாதிரி விதிகள், மது, புகையிலை விற்கும் இடங்களில் இந்த 7 ஆண்டு தண்டனையை எழுதி வைக்க வேண்டும் என்றே சொல்கின்றன. உங்கள் ஏரியா கடையில் அப்படி ஒரு போர்டு இருக்கிறதா என்று அடுத்த முறை பாருங்கள்.

ஸ்டேஷனில் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

இத்தனை கடுமையான தண்டனை எழுதியிருந்தும், புகாருடன் போகும் பெற்றோர் சில நேரம் வெறுங்கையோடு திரும்புவதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. 2021-ல் இளைஞர் நீதிச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2022 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. அதன்படி, 3 முதல் 7 ஆண்டுகள் வரை தண்டனை உள்ள இந்தச் சட்டத்தின் குற்றங்களில், மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரணையில் இறங்க முடியாது. 77-ம் 78-ம் இந்த வலைக்குள் சிக்கிவிட்டன. குழந்தையை வைத்துச் சரக்கு விற்பது 'ஜாமீன் கிடைக்காத' குற்றம். ஆனால் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போடக்கூடிய குற்றம் இல்லை. இதை எதிர்த்து டெல்லியின் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தைகளுக்காகவே எழுதிய சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டையை வைத்தது எனக்கு இன்றுவரை புரியாத புதிர்.

வழி இல்லாமல் இல்லை. என்.டி.பி.எஸ் சட்டத்தின் எல்லாக் குற்றங்களிலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். பி.என்.எஸ் 95-லும் பதியலாம். ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அதில் ஒன்றாவது இப்படி நேரடியாகப் பதியக்கூடியது என்றால், மொத்த வழக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ் பிரிவு 174. எனவே புகார் எழுதும்போது 'என் மகனுக்குப் பழக்கிவிட்டார்கள்' என்பதோடு நிறுத்தாமல், யார், எதை, எங்கே கொண்டுபோகச் சொன்னார்கள், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று எழுதுவது முக்கியம். அந்த விவரம்தான் 95-க்குக் கதவு திறக்கும்.

'உனக்கு ஒண்ணும் ஆகாது'... நிஜமாவா?

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட அமைப்பு அது. அங்கே குற்றம் நிரூபணமானாலும் கண்டித்து அனுப்புவது, கவுன்சலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் 3 ஆண்டுகள் சிறப்பு இல்லம் என்றுதான் உத்தரவுகள் இருக்கும். இதுவரை அந்த அண்ணன் சொன்னது சரி.

சொல்லாதது: 16 வயது முடிந்தவர், குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ இருக்கும் 'கொடுங்குற்ற'த்தில் சிக்கினால், அவரைப் பெரியவராகவே கருதி விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள் என்று பார்த்தோம் அல்லவா? அது நேராக இந்த வகையில் விழும். 20 கிலோ என்றவுடன் மூட்டை ஞாபகம் வரும். ஆனால் எம்.டி.எம்.ஏ-வுக்கு வணிக அளவின் எல்லை 10 கிராம். ரெண்டு, மூணு டீஸ்பூன் சர்க்கரையின் எடைதான். மெத்தாம்பெட்டமைனுக்கு 50 கிராம். எல்.எஸ்.டி-க்கு 0.1 கிராம். அதிலும் கலப்படப் பொருளைச் சேர்த்து மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டைப் பாக்கெட்டில் அடங்கும் ஒரு கவர், 17 வயதுப் பையனைக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவருக்கான விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தலாம். அங்கே தண்டனை பெற்றால் 21 வயது வரை பாதுகாப்பு இடம், அதற்குப் பிறகு மதிப்பீட்டைப் பொறுத்துச் சிறை.

இடைப்பட்ட அளவு என்றால் இந்த ஆபத்து இல்லை. குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுகள் இல்லாத குற்றத்தைக் கொடுங்குற்றம் என்று கொள்ள முடியாது என்பதும் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ஆனால் பையில் எவ்வளவு இருக்கிறது என்று தூக்கிப் போகும் பையனுக்கு யாராவது சொல்வார்களா என்ன?

'பையில என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது' என்பதும் நினைக்கும் அளவுக்குச் சுலபமில்லை. என்.டி.பி.எஸ் சட்டத்தில், கையில் சரக்கு இருந்தால் தெரிந்துதான் வைத்திருந்தார் என்ற அனுமானத்தில் இருந்துதான் நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம் மேல்.

ஜாமீன் விஷயத்தில் ஒரு வேதனையான முடிச்சு இருக்கிறது. சிறார்களுக்கு ஜாமீன் என்பதுதான் விதி. என்.டி.பி.எஸ்-ன் கடுமையான ஜாமீன் நிபந்தனைகள் சிறார்களுக்குப் பொருந்தாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு ஆபத்து என்று தோன்றினால் குழுமம் மறுக்கலாம். சரக்குக் கும்பல் பையனை எடுத்து வந்த வழக்கில் இந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா? 'உனக்கு ஒண்ணும் ஆகாது' என்று சொன்ன அந்த அண்ணனோடு இருந்த பழக்கமே, கூர்நோக்கு இல்லத்தில் கூடுதல் நாள்கள் இருக்கக் காரணமாகிவிடும்.

வயசு எந்தப் பேப்பர்ல இருக்கு?

எல்லாம் 18 என்ற ஒற்றை எண்ணில் தொங்குவதால், அதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது முக்கியம். குற்றம் நடந்த அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. கைதான தேதியோ தீர்ப்புத் தேதியோ அல்ல. பிரிவு 94-ன்படி முதல் இடம் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு. அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை.

நம் ஊரில் ஸ்கூலில் சீக்கிரம் சேர்ப்பதற்காகச் சில மாதங்களைக் கூட்டிப் போட்ட குடும்பங்கள் எத்தனை! நிஜத்தில் 18 முடியாதவர், மார்க் ஷீட்டில் 18 தாண்டியவராக இருக்கலாம். அப்போது பேப்பர்தான் முந்தும். இன்னொரு பக்கம், சம்பவத்தின்போது மைனர் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்பு இறுதியான பிறகுகூட.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்?

போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் ஆபத்தில் இருக்கும் குழந்தையை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்றே இளைஞர் நீதிச் சட்டம் வகைப்படுத்துகிறது. அதாவது, வழக்கு வருவதற்கு முன்பே உதவி கேட்டால் போகும் இடம் குழந்தைகள் நலக் குழு. சரக்கோடு பிடிபட்ட பிறகு போகும் இடம் இளைஞர் நீதிக் குழுமம். அதே பையன்தான், வாசல்தான் வேறு. பிடிபட்ட பிறகும்கூட, பாதுகாப்பு தேவைப்படுபவர் என்று தெரிந்தால் குழுமம் வழக்கின் எந்தக் கட்டத்திலும் அவரை நலக் குழுவுக்கு மாற்றலாம். பிடிபட்ட குழந்தையிடம் அது எப்படி, யாரிடமிருந்து வந்தது என்று போலீஸ் விசாரிக்க வேண்டும் என்றும் மாதிரி விதிகள் சொல்கின்றன. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதா என்று வக்கீல் மூலம் பார்த்துக்கொள்ளுங்கள். பல வழக்குகளின் போக்கையே மாற்றக்கூடிய கேள்வி அது.

'வெளியே சொன்னா உன்னையும் மாட்டிவிடுவேன்' என்ற மிரட்டல் வந்தால் 1098-க்குக் கூப்பிடலாம். அது குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது. போதைப்பொருள் பற்றிய தகவலுக்கு 1933, பழக்கத்தை விட 14446, இலவச சட்ட உதவிக்கு 15100. சாட், ஜிபே ஹிஸ்டரி, வாய்ஸ் நோட் எதையும் பயத்தில் அழிக்காதீர்கள். யார் சொல்லி யார் செய்தார்கள் என்று காட்டப்போவது அவைதான். தம்பி, தங்கையின் பையில் பொட்டலம் கிடைத்தால், அதைத் தூக்கிக்கொண்டு கொடுத்தவனைத் தேடிப் போகாதீர்கள். வழியில் சோதனை நடந்தால் அது உங்கள் கையில் இருந்த சரக்கு. முதலில் 15100 அல்லது தெரிந்த வக்கீலைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

பழக்கத்தில் இருப்பவர்கள் கேஸுக்குப் பயந்து சிகிச்சைக்கே போகாமல் இருக்கிறார்கள். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் இருப்பவர், தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கில் இருந்து என்.டி.பி.எஸ் பிரிவு 64ஏ பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கடைசியாக, போன் கையில் இருக்கும் எல்லோருக்கும். கஞ்சாவோடு பிடிபட்ட ஒரு ஸ்கூல் பையனின் முகம் தெரியும் வீடியோ உங்கள் குரூப்பில் வந்தால், ஃபார்வர்டு பண்ணாதீர்கள், ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த வகை ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 74. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.